வீட்டுக் கணினிக்கு ஏற்ற உரைத்திருத்தி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதும் பாடம் தொடங்கியது முதல், வீட்டிலுள்ள கணினி பழையதாகிவிட்டதே, புதிது வாங்க வேண்டுமா என்று உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். வேண்டியதில்லை. பிள்ளைகள் எழுதுவது சில நூறு வரிகளைத் தாண்டாத வெறும் உரைக் கோப்புகளே. அவற்றை எந்த உரைத்திருத்தியிலும், அதாவது வெறும் உரையைத் தட்டச்சு செய்து திருத்தும் எந்தச் செயலியிலும், எழுதலாம்.

சென்ற வாரம் ஒரு மாணவி வீட்டிலிருந்து கொண்டுவந்த 2 ஜிபி நினைவகம் (ரேம்) உள்ள மடிக்கணினியில், ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் தோன்றும்வரை விரலைத் தூக்கியபடியே காத்திருந்தாள். "எனக்குத்தான் வேகமா வரலை, சார்" என்றாள். அந்தச் சொல் என்னை வருத்தியது. அதே கோப்பை நோட்பேட் பிளஸ் பிளஸ் என்னும் எளிய திருத்தியில் திறந்து கொடுத்தோம். எழுத்துகள் விரலோடு ஓடிவந்தன.

காரணம் இதுதான். அவள் முதலில் பயன்படுத்திய விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் திருத்தி, எலக்ட்ரான் என்னும் கட்டமைப்பில் உருவானது. அதாவது குரோமியம் உலாவியின் உட்பகுதி முழுவதையும் தன்னுள் சுமந்துகொண்டு இயங்குவது. 1 ஜிபி நினைவகம் போதும் என்று அதன் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்டாலும், இயங்குதளம், திறந்திருக்கும் உலாவி, திருத்தியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்த நீட்சிகள் என்னும் கூடுதல் வசதிகள் எல்லாம் பங்கு கேட்கும்போது நினைவகம் நிரம்பி, கணினி வன்தட்டை நாடத் தொடங்குகிறது. வன்தட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது.

ஆகவே, வழக்கமாகத் திறக்கும் செயலிகளைத் திறந்துவைத்து, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் நினைவகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மொத்தம் 2 ஜிபி என்றால், விண்டோஸில் நோட்பேட் பிளஸ் பிளஸும் லினக்ஸில் ஜீனியும் நல்ல தேர்வு. 4 ஜிபி இருந்தால் விஷுவல் ஸ்டுடியோ கோடையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் நீட்சிகள் ஒன்றிரண்டோடு நிற்கட்டும். 8 ஜிபி உள்ளவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 32 பிட் விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ கோடின் புதிய பதிப்புகள் நிறுவப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். 1991இல் வெளிவந்த விம் என்னும் திருத்தி மிகப் பழைய கணினியிலும் ஓடும். எனினும் அதன் கட்டளைகளைப் பழகுவதே தனிப் பாடம் என்பதால், தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்தத் திருத்தியானாலும் கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துகள் சிதையா. எந்தத் திருத்தியில் எழுதினார்கள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. உங்கள் கணினியின் நினைவக அளவைப் பிள்ளையின் நாட்குறிப்பில் எழுதி அனுப்பினால், பொருத்தமானதை ஆசிரியரே நிறுவித் தருவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்