நடந்து முடிந்த பிறகு தொடங்கும் கதைகள்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அப்பா தேறி வருகிறார், தானாகவே எழுந்து நடக்கிறார் என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். வேலை வழக்கம்போலத்தான் போகிறது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நாவல்களைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலைப் பாதியில் மூடிவிட்டேன், கதை நகரவே மாட்டேன் என்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு பேசியதையே பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு அந்த நாவலைக் கையில் எடுத்ததே பெரிய காரியம், அதனால் நீ மூடி வைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் காரணத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேசியதையே பேசுகிறார்கள் என்பது உண்மைதான். என்னைக் கேட்டால் நாவலின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன்.

யோசித்துப் பார். ரேவதி என்ஜினீயரிங் படித்த பெண், தலைமையாசிரியர் நடேசனின் மகள். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டும் ரவியைக் காதலித்து, வீட்டில் எல்லோரும் எதிர்த்தும் அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள். இப்போது உடம்பெல்லாம் எரிந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்குள் கிடக்கிறாள். வெளியே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. அவர்களால் செய்ய முடிந்தது என்று ஒன்றுகூட இல்லை. எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று அந்த அப்பா சொல்கிறார், ஆனால் பணம் செய்யக்கூடிய வேலை எதுவும் அங்கே மிச்சமில்லை. அப்படி நிற்கிற மனிதர்கள் வேறு என்னதான் பேசுவார்கள்? அன்றைக்கே நான் சொன்னேன், நீதான் கேட்கவில்லை, அந்த ஒரு நாள் அவளோடு பேசியிருந்தால், அந்தப் பையன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது... இதையேதான் திருப்பித் திருப்பிப் பேசுவார்கள். என் அம்மா ஆபரேஷனுக்கு உள்ளே போயிருந்தபோது நாங்களும் இதைத்தான் செய்தோம். ஆறு மாதத்துக்கு முன்பே வந்திருக்கலாம் என்பதை ஆளுக்கொரு விதமாக, காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, டாக்டர் வந்து போன பிறகு இன்னொரு முறை என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அது யாருக்கும் உதவவில்லை, ஆனாலும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

எனக்கும் அந்த நாவலில் குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரங்கள் சில இடங்களில் தங்கள் மனதில் உள்ளதை அளவுக்கு மீறித் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அத்தனை ஒழுங்காகப் பேச்சு வராது. கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த வார்டுக்கு வந்து சேர்கிற மற்ற பெண்களும், அவர்களோடு வந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வதும் வருகிற பகுதிகளைப் படித்தபோது அந்தக் குறையெல்லாம் எனக்கு மறந்தே போனது. ஒரு குடும்பத்தின் கதை என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தவன், எத்தனை வீடுகளிலிருந்து எத்தனை பெண்கள் இப்படி வந்து சேர்கிறார்கள் என்று அங்கேதான் அதிர்ந்துபோனேன். மூடி வைத்ததை மறுபடி எடுப்பதாக இருந்தால், அண்ணி அருண்மொழியைக் கவனித்துக்கொண்டே படி. அந்தக் கூட்டத்தில் கொஞ்சமாவது நிதானத்தோடு பார்க்கிற கண் அவளுடையது.

உன் கடிதத்துக்கு அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சமீபத்தில் நான் ரசித்துப் படித்த நாவல்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கின்றன. நடக்க வேண்டியது முதலிலேயே நடந்துவிடுகிறது, அல்லது கதை தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே நடந்திருக்கிறது. மிச்சப் பக்கம் முழுக்க மனிதர்கள் அதற்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான்.

பூமணியின் 'வெக்கை'யை இந்த முறை மறுபடியும் படித்தேன். 1982இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்றவனைச் சிதம்பரம் தொடக்கத்திலேயே வெட்டிவிடுகிறான். பதினைந்து வயதுப் பையன். கையை மட்டும் வெட்டத்தான் நினைத்தான், அது கொலையில் முடிந்துவிட்டது. வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த வெட்டை நோக்கி இருநூறு பக்கம் நம்மை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பூமணி அதை முதலிலேயே முடித்துவிட்டு, அப்பாவும் மகனும் ஒளிந்து திரிகிற நாட்களை எழுதுகிறார். எங்கே படுப்பது, எதைத் தின்பது, எந்த வழியாகப் போனால் ஆள் கண்ணில் படாது என்றே போகிறது கதை. அதற்கு நடுவில் அவர்கள் பேசிக்கொள்கிற பேச்சு இருக்கிறதே, அதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கொலை செய்துவிட்டு வந்த பையனை அந்த அய்யா கோபித்துக்கொள்வதும் இல்லை, தட்டிக்கொடுத்துப் புகழ்வதும் இல்லை. பக்கத்திலேயே இருக்கிறார், அவ்வளவுதான். நீ 'அசுரன்' படம் பார்த்திருக்கிறாய், அது இந்த நாவலை வைத்து எடுத்ததுதான். படத்தில் அப்பாவின் பழைய கதை பெரிய பகுதியாக விரிகிறது, சண்டை இருக்கிறது, தனுஷ் இருக்கிறார், எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் ஓடையோரத்தில் உட்கார்ந்து அடுத்த வேளைச் சாப்பாட்டை யோசிக்கிற அந்த இரண்டு பேரின் நெருக்கம் புத்தகத்தில்தான் எனக்குக் கிடைத்தது. கரிசல் பேச்சு முதல் சில பக்கங்களில் உனக்குக் கொஞ்சம் தடுக்கலாம். விட்டுவிடாதே, காது பழகிவிடும்.

சரி, நம் ஊர்க் கதைகளில் மட்டும்தான் இப்படியா என்று பார்த்தால் டால்ஸ்டாயும் இதைத்தான் செய்திருக்கிறார். 'இவான் இலியிச்சின் மரணம்' 1886இல் வந்தது. இவான் இலியிச் செத்துப்போன செய்தியில்தான் கதையே தொடங்குகிறது. கூட வேலை பார்த்தவர்கள் அதைப் பத்திரிகையில் பார்த்ததுமே, அந்த இடம் யாருக்குப் போகும், நமக்கு ஏதாவது உயர்வு வருமா என்று யோசிக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவரிடம் அந்த மனைவி, அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் வாங்க வழி இருக்கிறதா என்று நைச்சியமாக விசாரிக்கிறாள். இவ்வளவையும் காட்டிவிட்டுத்தான் அவன் வாழ்ந்த வாழ்க்கைக்கே போகிறார். சாகப்போகிறான் என்பது நமக்கு முன்பே தெரியும், அதனால் அவன் பதவி உயர்வுக்குச் சந்தோஷப்படுவதையும், புது வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டுவதையும் நம்மால் சாதாரணமாகப் படிக்கவே முடிவதில்லை. கெராசிம் என்கிற அந்த வேலைக்காரப் பையன் நினைவிருக்கிறதா? வலி குறைகிறது என்பதற்காக எஜமானின் கால்களை இரவெல்லாம் தன் தோள்மேல் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பானே. வீட்டில் அத்தனை பேரும், நோய்தான், சரியாகிவிடும் என்று நடிக்கும்போது அவன் ஒருவன்தான் சாவைச் சாவு என்று ஒப்புக்கொள்கிறான். உன் அப்பாவைப் பார்த்துக்கொண்ட அந்த ஆஸ்பத்திரி உதவியாளரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது எனக்குக் கெராசிம்தான் ஞாபகம் வந்தான்.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நீ பலமுறை படித்தது, அதனால் அதைப் பற்றி நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்புவின் அம்மா அலங்காரத்தம்மாளுக்குக் கணவனைத் தவிர இன்னொருவரோடு உறவு ஏற்பட்டது எல்லாம் அவன் வேதம் படித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்டது. அவனுக்கு மட்டும்தான் அது புதுச் செய்தி. அப்பா தண்டபாணிக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், எல்லோரும் தெரிந்துகொண்டே அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். 1966இல் வந்த நாவல், இன்றைக்குப் படித்தாலும் அந்த வீட்டுக்குள் நுழையும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது.

இதனால் நிகழ்ச்சி குறைந்த நாவல்தான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் ஜப்பான்காரன் வருகிறான், யுத்தம், இந்திய தேசிய ராணுவம், மெடான், பினாங்கு என்று பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு என்னோடு தங்கியது யுத்தம் இல்லை. கடல் தாண்டிப் போன பாண்டியன், மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்தையும் நினைத்து நினைத்து ஏங்குகிறானே, அந்தப் பக்கங்கள்தான்.

அப்புறம் 'தண்ணீர்'. அசோகமித்திரனின் இந்த நாவலை நீ இன்னும் படிக்கவில்லை என்றால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் இதைப் படி. சின்னப் புத்தகம்தான். சினிமா ஆசை காட்டி பாஸ்கர் ராவ் ஜமுனாவை ஏமாற்றியது, அவள் வீட்டை விட்டு வந்தது எல்லாம் முன்பே முடிந்துபோன கதை. இப்போது தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை, ஒரு குடம் தண்ணீருக்கு எங்கெங்கோ அலைய வேண்டியிருக்கிறது. வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று சாகத் துணிந்த அவளிடம் டீச்சரம்மா வந்து பேசுகிற இடம் இருக்கிறது. அழாதே என்றோ எல்லாம் சரியாகிவிடும் என்றோ சொல்வதில்லை. தன்னை யாருக்குக் கட்டிவைத்தார்கள், இருமலோடு கிடந்த அந்தக் கணவனோடும் மாமியாரோடும் தான் எப்படிக் குடித்தனம் பண்ணினாள் என்பதை ஏதோ பள்ளிக்கூட விஷயம் பேசுகிற மாதிரி குரலை உயர்த்தாமல் சொல்கிறாள். அப்படிச் சொல்வதாலேயே படிக்கிற நமக்கு உள்ளுக்குள் ஏதோ உடைகிறது. நான் அந்தப் பகுதியை மூன்று இடங்களில் நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன்.

அதன் முடிவைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க வேண்டும். ஜமுனா கர்ப்பமாக இருக்கிறாள், ஏமாற்றியவன் ஏமாற்றியவனாகவே இருக்கிறான், வெளியிலிருந்து பார்த்தால் அவள் நிலைமை முன்பைவிட மோசம். ஆனாலும் அவள் பேச்சில் ஒரு தெம்பு வந்துவிடுகிறது. அது டீச்சரம்மாவின் கதையைக் கேட்டதால் வந்ததா, தெருவில் மற்ற பெண்களோடு குடம் தூக்கி அலைந்ததால் வந்ததா என்று அசோகமித்திரன் சொல்வதே இல்லை. குடம் தூக்கியதால்தான் என்று எனக்குப் படுகிறது. பேச்சைக் கேட்டு மட்டும் ஒருத்தி அப்படி மாறிவிட முடியாது. நீ வேறு மாதிரி நினைக்கக்கூடும், நமக்குள் இதில் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது?

இப்போது பூமணியின் 'அஞ்ஞாடி'யில் இருக்கிறேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிற புத்தகம், ஆண்டி, மாரி என்று இரண்டு சிநேகிதர்களில் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் போகிறது, கழுகுமலைக் கலவரம், சிவகாசிக் கலவரம் எல்லாம் வருகின்றன. 'வெக்கை' எழுதிய கைதானா இது என்று சில இடங்களில் திகைப்பாக இருக்கிறது, அங்கே அத்தனை சிக்கனம், இங்கே கட்டுக்கடங்காத வெள்ளம். முடித்துவிட்டு விவரமாக எழுதுகிறேன். அதற்குள் நீ 'தண்ணீர்' படித்துவிட்டு, டீச்சரம்மாவா குடமா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்