பாஸ்டன் குடும்பத்தின் இரண்டு வம்சாவளிகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் மடலும் அதனுடன் வைத்திருந்த குடும்ப வம்சாவளியின் படியும் கிடைத்தன. இங்கே அனைவரும் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு சிற்றெழுத்தும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தொழிலை விட்ட பின் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். வழக்குக் கட்டுகளைத்தான் படிக்கிறேன், ஆனால் அவை ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தையவை. குலம் இருந்ததால் நிலம் வந்ததா, நிலம் வந்ததால் குலம் வந்ததா என்று உங்கள் மடலின் இறுதியில் எழுப்பியிருந்த கேள்விக்கு, இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தைச் சேர்ந்த ஜான் பாஸ்டன் என்ற நிலக்கிழாரின் வாழ்க்கையை விடப் பொருத்தமான விடை எனக்குத் தெரிந்து வேறில்லை. பாஸ்டன் என்றதும் அமெரிக்க நகரத்தை நினைத்துவிட வேண்டாம்; இது வடகடலை ஒட்டிய ஒரு சிற்றூர், குடும்பத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே.

இந்தக் குடும்பத்துக்கு வம்சாவளிகள் இரண்டு உண்டு. ஒன்று எதிரிகள் எழுதியது, மற்றொன்று குடும்பத்தார் அரசவையில் தாக்கல் செய்தது.

எதிரி எழுதிய குறிப்பின்படி, ஜானின் பாட்டனார் கிளெமென்ட் ஒரு சாதாரண உழவர். ஆண்டு முழுவதும் ஒரு கலப்பை, பார்லி விதைப்புக் காலத்தில் இரண்டு. நூறு அல்லது நூற்றிருபது ஏக்கருக்கு மேல் நிலமில்லை. அதிலும் பெரும்பகுதி கிம்மிங்ஹாம் பண்ணைக்கு அடிமைக் கடமைப்பட்ட நிலம். சேணமில்லாத குதிரையின் முதுகில் தானிய மூட்டையைப் போட்டு, அதன் மேல் தானே அமர்ந்து ஆலைக்குப் போவார். அரைத்த மாவு மூட்டையின் மேல் அமர்ந்து திரும்பி வருவார். விளைந்த தானியத்தை விண்டர்டனுக்குத் தானே வண்டியோட்டிச் சென்று விற்பார். அவர் மணந்த பியாட்ரிஸ் பண்ணையடிமைக் குலத்துப் பெண். மகன் வில்லியமைப் பள்ளிக்கு அனுப்பக் கடன் வாங்கினார். பியாட்ரிஸின் உடன்பிறந்தாரும் வழக்குகள் நடத்துபவருமான ஜெஃப்ரி சாமர்டன் படிப்புச் செலவுக்கு உதவினார். இழிவுபடுத்தவே எழுதப்பட்ட குறிப்பு இது. ஆனால் படிக்கிறவருக்குக் கிளெமென்டின் மேல் மதிப்புத்தான் கூடுகிறது என்பதை எழுதியவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அந்த மகன் வில்லியம் 1378இல் பிறந்தவர். சட்டம் படித்து, பிரபுக்களின் பண்ணை நிர்வாகங்களைக் கவனித்து, 1429இல் வெஸ்ட்மின்ஸ்டரில் பொது வழக்குகள் மன்றத்தின் நீதிபதியானார். ஆக்ஸ்நீட், கிரெஷம் முதலிய பண்ணைகளைக் கிரயத்துக்கு வாங்கினார். கிரெஷம் பண்ணையை அவருக்கு விற்றவர் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் மகன் தாமஸ் என்பது இலக்கிய நாட்டமுள்ள உங்களுக்காகச் சொல்லும் செய்தி. ஐரோப்பாவில் அப்போது வாளால் உயர்ந்தவர்களே மிகுதி. இவர் எழுதுகோலால் உயர்ந்தார், அண்டை அயலார் அதை மறக்கவேயில்லை. பாஸ்டனில் வாழ நினைப்பவன் தன்னைத் தற்காத்துக்கொள்ளத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று அவர் பலமுறை சொன்னதாக, அவருடைய மனைவி ஆக்னஸ் 1445இல் இன்னொரு மகனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஆகவே சட்டம் படி என்பதே அந்தக் கடிதத்தின் சாரம்.

மூத்த மகன் ஜான் 1421 அக்டோபரில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் பிறகு லண்டனின் இன்னர் டெம்பிள் என்ற சட்டக் கல்விக்கூடத்திலும் படித்தார். 1440 அளவில் அவருக்கு மார்கரெட் மாட்பி என்ற பெண்ணை முடித்து வைத்தார்கள். தந்தையை இழந்த அவள் மாட்பி நிலங்களுக்கெல்லாம் ஒரே வாரிசு. முதல் சந்திப்பைப் பற்றி ஆக்னஸ் கணவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பெண் பிள்ளையை இன்முகத்துடன் வரவேற்றாள், இனி நீண்ட பேச்சுவார்த்தை தேவைப்படாது என்று எழுதிவிட்டு, பெண்ணுக்கு ஓர் அங்கி வாங்கி வாருங்கள், நல்ல நீலமாகவோ பளிச்சென்ற சிவப்பாகவோ இருக்கட்டும், நீங்கள் அங்கி வாங்கினால் அவளுடைய தாயார் அதற்கு மென்மயிர்த் தோல் தருவார் என்கிறார். சொத்துக்காக முடிந்த திருமணந்தான். ஆயினும் பிற்காலத்தில் ஜானின் பண்ணைகளை உண்மையில் காத்து நின்றவள் இந்த மார்கரெட்தான் என்பது என் துணிபு.

1444இல் வில்லியம் இறந்தபோது நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எழுதிவைத்த உயிலில் இளைய மகன்களுக்கு வைத்தது போதாது என்று நோய்ப்படுக்கையில் அவருக்குத் தோன்றியது. ஒருவனுக்கே அவ்வளவும் கொடுத்து, மற்றவர்கள் பிழைக்க வழியில்லாமல் விட மாட்டேன் என்று வாய்மொழியாகச் சில நிலங்களைப் பிரித்துச் சொன்னார். ஆக்னஸின் கூற்றுப்படி, மூத்தவர் ஜான் இதற்கு இணங்கவில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையே அன்று விழுந்த பிளவு கடைசி வரையில் சரியாகவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து இதே ஜான், இன்னொருவர் மரணப்படுக்கையில் சொன்னதாகச் சொல்லப்பட்ட வாய்மொழியை நம்பியே தம் வாழ்நாள் முழுவதையும் பணயம் வைத்தார்.

முதல் பெரிய வழக்கு கிரெஷம் பண்ணையைப் பற்றியது. தம் முன்னோருக்கு அதில் உரிமை இருந்தது என்று சொல்லி, மோலின்ஸ் பிரபு 1448 பிப்ரவரியில் பண்ணையைக் கைப்பற்றினார். நாம் தொழிலில் கண்ட அத்துமீறல்கள் எல்லாம் இதன் முன்னே ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில் மார்கரெட் லண்டனில் இருந்த கணவருக்கு அனுப்பிய கடிதத்தில், குறுக்குவில்கள் வேண்டும், அவற்றை இழுத்துப் பூட்டும் கருவிகளும் அம்புகளும் வேண்டும், வீட்டுக் கூரைகள் தாழ்ந்திருப்பதால் நீண்ட வில்லை உள்ளிருந்து எய்ய முடியாது என்று விளக்குகிறாள். அதே கடிதத்தில் ஒரு பவுண்டு பாதாம் பருப்பும் ஒரு பவுண்டு சர்க்கரையும், பிள்ளைகளுக்கு உடுப்புத் துணியும் வாங்கி அனுப்பச் சொல்கிறாள். 1450 ஜனவரியில், ஜான் வெளியூரில் இருந்தபோது, பிரபுவின் ஆட்கள் வீட்டைச் சூழ்ந்தனர். சுவரின் அடியில் தோண்டி, மார்கரெட்டை அறையிலிருந்து வெளியே தூக்கி வந்து போட்டு, வீட்டின் தூண்களை வெட்டிச் சாய்த்தனர். ஆயிரம் பேர் வந்தார்கள் என்று ஜானின் மனு சொல்கிறது. மனுக்களில் வரும் எண்ணிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது, மோலின்ஸுக்குச் சாதகமான ஜூரிகளைத் தெரிவு செய்யும்படி அரசரிடமிருந்தே தமக்குக் கடிதம் வந்திருப்பதாக மாவட்ட ஷெரீஃப் கைவிரித்துவிட்டார். அப்படிப்பட்ட அரசாணைக் கடிதம் ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ் கொடுத்தால் யாருக்கும் கிடைக்குமே என்று ஜானின் ஆள் அவரிடமே சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வரிக்காகவே கட்டு முழுவதையும் படிக்கலாம்.

ஜானுக்கு வாழ்வும் கேடும் ஒருசேரக் கொண்டுவந்தவர் சர் ஜான் ஃபாஸ்டால்ஃப். பிரான்ஸ் போர்களில் பெரும்பொருள் சேர்த்து, கேஸ்டரில் செங்கற் கோட்டை கட்டி, மக்கட்பேறின்றி முதுமையடைந்தவர். மார்கரெட்டுக்கு உறவினர். அவருடைய வழக்குகளையும் சொத்துகளையும் ஜான் பல ஆண்டுகள் கவனித்து வந்தார். 1459 நவம்பர் 5 அன்று ஃபாஸ்டால்ஃப் இறந்தார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அதே ஆண்டில் எழுதியிருந்த உயிலை மாற்றி, நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களின் நிலங்கள் அனைத்தையும் ஜானுக்கு அவர் வாய்மொழியாக விட்டதாகச் சொல்லப்பட்டது. அதற்கு ஈடாக ஜான் அந்நாளைய பணக் கணக்கில் 4,000 மார்க் செலுத்த வேண்டும். கேஸ்டரில் ஏழு துறவியரும் ஏழு ஏழைகளும் வாழ்ந்து அவருடைய ஆன்மாவுக்காக வேண்டும் அறநிலையம் ஒன்றை நிறுவ வேண்டும். உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்ற நிறைவேற்றுநர்கள் பத்துப் பேர், ஆனால் நிர்வகிக்கும் அதிகாரம் ஜானுக்கும் தாமஸ் ஹோஸ் என்ற பாதிரியாருக்கும் மட்டுமே.

நம் மன்றங்களில் இந்த உயிலைப் பார்த்தவுடனே நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மை ஒருமுறை பார்த்திருப்பார். சொத்துக்காரர் மரணப்படுக்கையில், பெரும்பயன் அடைபவர் அவருடைய சட்ட ஆலோசகர், முந்தைய உயில் சில மாதங்களே பழையது. நிறைவேற்றுநர்களுள் ஒருவரான நீதிபதி யெல்வர்டனும், ஃபாஸ்டால்ஃபின் செயலராக இருந்த வில்லியம் வூஸ்டரும் எதிர்த்து வழக்காடினார்கள். ஹோஸ் பாதிரியாரும் பின்னாளில் கட்சி மாறி, உயில் புனையப்பட்டது என்று அறிக்கை கொடுத்தார். முழுக்கப் பொய்யென்று நான் நினைக்கவில்லை. கிழவருக்கு அறநிலையத்தின் மேல் உண்மையான ஆசை இருந்தது; அதைச் செய்து முடிக்கக்கூடியவர் ஜான் ஒருவரே என்றும் அவர் நம்பியிருக்கலாம். ஆனால் வாசகம் ஜானின் கைப்பட்டுக் கூர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதன் பின் ஜானுக்கு ஓய்வே இல்லை. 1460இலும் 1461இலும் மாவட்டத்தின் சார்பில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஷெரீஃப் சர் ஜான் ஹோவர்டின் ஆள் ஒருவன் நார்விச்சில் மாவட்ட மன்றம் கூடிய இடத்திலேயே அவரைக் கத்தியால் இருமுறை குத்த, தடித்த மேற்சட்டை உயிரைக் காத்தது. அழைப்பாணைக்கு உடனே வராததால், அடுத்ததற்கும் வராவிட்டால் அவன் சாவான் என்று நான்காம் எட்வர்ட் அரசர் சீறியதாகத் தம்பி எழுதி எச்சரித்தார். ஃப்ளீட் சிறைக்கு மூன்று முறை போனார். 1465 அக்டோபரில் சஃபோக் கோமகனின் ஆட்கள் ஹெல்ஸ்டன் பண்ணை வீட்டை இடித்துத் தள்ளி, ஊர்க் கோயிலின் பலிபீடத்தின் மேலேயே ஏறி நின்று பொருள்களை வாரிச் சென்றார்கள். பார்க்க வந்த நார்விச் மக்கள் கோமகனைத் தூற்றுகிறார்கள் என்று மார்கரெட் எழுதினாள். ஊரார் அனுதாபத்தால் வீடு திரும்பிவிடாது.

அவர் எளிதில் பிடித்துப்போகக்கூடிய மனிதர் அல்லர். சிறையிலிருந்துகூட பார்லி விலையையும் குத்தகை பாக்கியையும் பற்றியே எழுதுகிறார். அரசவையில் பொழுதைக் கழித்த மூத்த மகனைப் பற்றி, மற்றத் தேனீக்கள் வயலில் உழைத்துச் சேர்க்கும் தேனில் பங்குண்ணும் சோம்பேறி ஆண் தேனீ என்று மனைவிக்கு எழுதினார். மகன்களில் முதல் இருவருக்கும் ஜான் என்றே பெயர். வம்சாவளி எழுதுபவர்களை இன்றளவும் திணறடிப்பது இந்தக் குடும்பம் நமக்குச் செய்த சிறு கொடுமை.

எதிரிகள் கடைசியாக எடுத்த ஆயுதந்தான் நான் முதலில் சொன்ன வம்சாவளி. கிம்மிங்ஹாம் பண்ணை லங்காஸ்டர் கோமகப் பகுதியைச் சேர்ந்தது, அதாவது அரசருக்கே உரியது. பாஸ்டன்கள் அதன் அடிமைக் குடிகளின் வழியினர் என்று நிலைநாட்டிவிட்டால், அவர்களுடைய உடைமை எல்லாம் ஆண்டையான அரசரின் உடைமை. நீதிபதி வில்லியம் காசு கொடுத்து வாங்கிய பண்ணைகளும் அதில் அடங்கும். ஒவ்வொரு பத்திரத்தையும் தனித்தனியே உடைக்க வேண்டியதில்லை, ஒரே வாதத்தில் அத்தனையும் சரியும். இதில் ஒரு நுட்பம் உண்டு. அடிமைக் கடமைப்பட்ட நிலத்தைச் சுதந்திரக் குடிமகனும் வைத்திருக்கலாம் என்பதே அந்நாட்டுச் சட்டம். நிலத்தின் தன்மை ஆளின் நிலையைத் தீர்மானிக்காது. முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் நிலைதான், தாயின் நிலையன்று. ஆகவே எதிரியின் குறிப்பில் உள்ள செய்திகள் அனைத்தும் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், கிளெமென்ட் அடிமை என்பது அதிலிருந்து நிறுவப்படவில்லை.

நானாக இருந்தால் இந்தச் சட்ட வாதத்தோடு நின்றிருப்பேன். குடும்பத்தார் அதற்கு மேலும் போனார்கள். தங்கள் மூதாதை உல்ஸ்டன் என்பவர் பிரான்சிலிருந்து, புரோம்ஹோம் மடத்தை நிறுவிய கிளான்வில்லின் உறவினராக அவருடனேயே வந்தார் என்றும், பாஸ்டன் ஊரில் நினைவுக்கெட்டாத காலந்தொட்டுத் தங்களுக்குத் தனி மன்றமும் பண்ணையடிமைகளும் இருந்தனர் என்றும், பழைய சாசனங்களையும் மன்றச் சுருள்களையும் காட்டினார்கள். நேற்றுவரை அடிமை என்று ஏசப்பட்டவர்கள் தாங்கள் அடிமைகளை வைத்திருந்ததையே சான்றாகக் காட்டியது எனக்குக் கசக்கிறது, ஆனால் அந்த அவையில் எடுபடக்கூடிய சான்று அதுதான்.

தீர்ப்பைக் கேட்க ஜான் இல்லை. 1466 மே மாதம், நாற்பத்து நான்காம் வயதில், லண்டனில் இறந்தார். உடலை நார்ஃபோக்குக்குக் கொண்டுவந்து புரோம்ஹோம் மடத்தில் அடக்கம் செய்தார்கள். இறுதிச் சடங்கின் செலவுக் கணக்கு அப்படியே இருக்கிறது: 41 பன்றிகள், 49 கன்றுகள், 1,300 முட்டைகள், தீவட்டிப் புகை வெளியேறுவதற்காகக் கோயிலின் இரண்டு சாளரக் கண்ணாடிகளைக் கழற்றி மீண்டும் பொருத்திய தொழிலாளிக்கு 20 பென்ஸ். இவ்வளவு செலவழித்தவர்கள் கல்லறைக் கல் வைக்க மறந்தார்கள். ஊரார் பேசும் அவமானமாகிவிட்டதென்று 1471இல்கூட மார்கரெட் மூத்த மகனைக் கடிந்துகொள்கிறாள்.

ஜூலை 1466இல், பாஸ்டன்கள், நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற காலந்தொட்டு மேன்மக்கள் குருதி வழிவந்த கனவான்களே என்று அரசர் அறிவித்தார். அந்த அறிவிப்பும் கோட்டையைக் காக்கவில்லை. 1469இல் நார்ஃபோக் கோமகன் கேஸ்டரை முற்றுகையிட்டுப் பிடித்தார். 1476இல் அவர் திடீரென்று இறந்த பின்னரே அது திரும்பி வந்தது. அறநிலையச் சொத்தும் கேஸ்டரில் தங்காமல் ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. வழித்தோன்றல் ஒருவர் 1679இல் யார்மத் பிரபுவானார். 1732இல் அந்தப் பட்டமும் ஆண் வாரிசின்றி முடிந்தது.

உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: நிலம் முதலில் வந்தது, அதைக் காப்பதற்காக வழக்கு வந்தது, வழக்கை முடிப்பதற்காகக் குலம் வந்தது. ஃபாஸ்டால்ஃபின் உயில் விஷயத்தில் மட்டும் உங்கள் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன். நீங்கள் யெல்வர்டன் தரப்பில் ஆஜராகியிருந்தால், பாதிரியார் ஹோஸின் மாறிய சாட்சியத்தை முன்வைத்திருப்பீர்களா, அல்லது தந்தையின் வாய்மொழியை ஜான் ஏற்க மறுத்த பழைய கதையைக் குறுக்கு விசாரணையில் கிளறியிருப்பீர்களா? விரிவாக எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்