பேரன் வாங்கி வந்த இரும்புச் சிலுவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் ஞாயிறு மலரில் எம்டன் என்ற பழைய ஜெர்மன் போர்க்கப்பலைப் பற்றி வந்த கட்டுரையைப் பசியாறக்கூட உட்காராமல் நின்றபடியே படித்து முடித்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிறது. சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையை என் பாட்டி "சரியான எம்டன்" என்றுதான் வைவார். அதனால் கட்டுரையைப் பேரனிடமும் கொடுத்தேன். படிவம் இரண்டில் படிக்கிறான். தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பான், ஆனால் இதைக் கடைசி வரி வரை விடவில்லை. அடுத்த ஞாயிறு நண்பர்களோடு பழைய சாமான் சந்தைக்குப் போனவன் கழுத்தில் ஒரு சங்கிலியோடு திரும்பினான். 15 வெள்ளியாம். சங்கிலியில் கறுப்புச் சிலுவை ஒன்று தொங்கியது. "தாத்தா, எம்டன் கேப்டனுக்குக் கொடுத்த மெடல் இதுதான், பேப்பர்ல போட்டிருந்தாங்களே" என்றான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். சிலுவையின் நடுவில் சுவஸ்திகா, அதன் கீழே 1939. "இது நம்ம கோயில்ல போடுற சின்னம்தானே, ஏன் தாத்தா உங்க முகம் மாறுது?" என்று கேட்டான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கட்டுரைக்கு மேலே அச்சாகியிருந்த படமும் அதே 1939 சிலுவைதான். எம்டன் கப்பலோ 1914 நவம்பரிலேயே முடிந்துபோனது. 25 வருஷம் கழித்து வந்த பதக்கம் அதன் கேப்டன் நெஞ்சில் எப்படி ஏறும்? இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். துறைமுகத்தில் 34 வருஷம் கிராணியாக இருந்தவன் நான். தேதி தப்பினால் கணக்கே தப்பு என்று பழகிய ஆள்.

இரும்புச் சிலுவை ஹிட்லர் உண்டாக்கியது அல்ல. 1813இல், நெப்போலியனை எதிர்த்துப் போர் தொடங்கியபோது, ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் ஏற்படுத்தியது. அப்போது நாட்டில் பணமில்லை. பெண்கள் தங்க நகைகளைப் போர்ச் செலவுக்குக் கொடுத்துவிட்டு இரும்பு நகை அணிந்த காலம் அது. பதக்கத்தையும் இரும்பில் வார்த்து வெள்ளியில் விளிம்பு கட்டினார்கள். தளபதி, சாதாரணச் சிப்பாய் என்று பார்க்காமல் யாருக்கும் கிடைக்கக்கூடிய பதக்கம் என்பதுதான் அதன் பெருமை. 1870இல் ஒருமுறை, 1914 ஆகஸ்டில் ஒருமுறை அதைத் திரும்பவும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914 சிலுவையில் மேலே கிரீடம், நடுவில் பேரரசர் வில்ஹெல்மின் பெயருக்கு அடையாளமான டபிள்யூ எழுத்து, கீழே ஆண்டு. எம்டன் கேப்டன் கார்ல் வான் முல்லருக்கு அறிவிக்கப்பட்ட முதல் வகுப்புச் சிலுவை இதுதான். 1939 செப்டம்பரில் போலந்துக்குள் படையை அனுப்பியபோது ஹிட்லர் அதே சிலுவையை எடுத்து, எழுத்தை நீக்கிவிட்டுத் தன் கட்சியின் சின்னத்தை நடுவில் பதித்தான். என் பேரன் கழுத்தில் தொங்கியது அதன் நகல். இன்றைய ஜெர்மனியில், அந்தப் போரில் பதக்கம் வாங்கியவர்களே சுவஸ்திகா இல்லாத வடிவத்தைத்தான் அணியலாம் என்று 1957இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

கோயில் சின்னம்தானே என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நம் வீட்டு வாசலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மங்கலமாகப் போடுவதை ஹிட்லரின் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதை ஒரு பையனுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? பதக்கத்தை வைத்தே சொன்னேன். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய 12,000 பேர் களத்திலேயே செத்தார்கள். இரும்புச் சிலுவை வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில். ஹிட்லருக்கே 1918 ஆகஸ்டில் முதல் வகுப்புச் சிலுவை கிடைத்தது. அதற்குப் பரிந்துரைத்த அதிகாரி ஹூகோ குட்மான் ஒரு யூதர். பின்னாளில் அவர் ஜெர்மனியை விட்டே ஓட வேண்டியிருந்தது. சிலுவை வாங்கிய யூத வீரர்கள் பலரை ஹிட்லர் ஆட்சியில் தெரேசியன்ஸ்டாட் என்ற முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. நாட்டுக்காகக் குண்டடி பட்டு வாங்கிய பதக்கத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டியும் அவர்கள் தப்பவில்லை. பேரன் ஒன்றும் பேசாமல் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

சரி, எம்டனுக்கு வருகிறேன். கட்டுரையில் அது பினாங்கு நகரத்தையே தகர்த்துவிட்டதுபோல எழுதப்பட்டிருந்தது. நகரத்தைத் தாக்க அது வரவில்லை. 1914 அக்டோபர் 28, விடிவதற்கு முன், ஐந்து மணி தாண்டியதும் துறைமுகத்துக்குள் நுழைந்தது. மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்குத் துணியால் நாலாவது ஒன்றைக் கட்டி, பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் போட்டிருந்தார்கள். குறி, நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக். ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்கு முத்து என்று பொருள். நம் தீவையும் முத்துத் தீவு என்றுதானே சொல்கிறோம், இந்தப் பொருத்தத்தைப் படித்த நாள் முதல் அது என் மனதை விட்டுப் போகவில்லை. 1905இல் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்போரில் பிழைத்து வந்த கப்பல் நம் கரையில் வந்து மூழ்கியது. அன்றிரவு அதன் கேப்டன் கரையில், ஹோட்டலில் மனைவியோடு தங்கியிருந்தார். பிறகு ராணுவ நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் உயிரை விட்டது 89 மாலுமிகள்.

என் தாத்தா அப்போது இருபது வயது ஆள். நிலக்கரி ஏற்றும் தொங்காங் படகில் கூலி வேலை. வெல்ட் கீ கரையோரத்துக் கொட்டகையில்தான் படுக்கை. முதல் சத்தத்தில் இடி என்று நினைத்தாராம், இரண்டாவதில் கொட்டகை ஓலையெல்லாம் உதிர்ந்ததாம். அப்புறம் சம்பான்காரர்கள் காயம்பட்டவர்களைப் படகில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். தாத்தாவும் இன்னும் நாலு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அவர்களைத் தோளில் போட்டுக் கரையேற்றினார்கள். அதில் ஒருவன் தாத்தாவின் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தானாம். "அவன் பேசின பாஷை எனக்கு விளங்கல, அம்மான்னு கூப்பிட்டிருப்பானோ என்னமோ" என்று 1968இல் சாகும் வரை தாத்தா சொல்வார். அவன் பிழைத்தானா என்று அவருக்குத் தெரியாது. அந்த வேட்டியைப் பாட்டி எத்தனை முறை வெளுத்தும் கறை போகவில்லை, கடைசியில் எரித்துவிட்டார்கள்.

இதே தாத்தாதான் முல்லரை மரியாதையாகவும் பேசுவார், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது எம்டன், ரோந்து முடிந்து திரும்பிய பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேவையும் மூழ்கடித்தது. ஆனால் நின்று, தண்ணீரில் தத்தளித்த 36 பேரைத் தூக்கிக் காயங்களுக்கு மருந்து போட்டார்கள். மூன்று பேர் இறந்தபோது ஜெர்மன் மாலுமிகள் சீருடையில் அணிவகுத்து மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார்கள். இரண்டு நாள் கழித்து வழியில் வந்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஒன்றை நிறுத்தி, மற்றவர்களை அதில் ஏற்றிச் சுமத்ரா பக்கத்துச் சபாங்குக்கு அனுப்பினார்கள். ரஷ்யர்களைக் காப்பாற்ற நிற்க முடியாமல் போனதற்கு முல்லர் வருத்தம் தெரிவித்து இன்னொரு கப்பல்வழி நம் துறைமுகத்துக்குச் செய்தியும் அனுப்பினார். அதற்கு முன் செப்டம்பர் 22 இரவு மதராஸில் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியபோது துறைமுகத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே 22ஆம் தேதி காலையில் வட கடலில் ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்து, 1,400க்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். அந்த நீர்மூழ்கியின் தலைவர் வெட்டிகனுக்கு மட்டுமல்ல, அதில் இருந்த எல்லாருக்குமே இரும்புச் சிலுவை கிடைத்தது.

நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை நொறுக்கியது. அதிலும் 130 பேருக்கு மேல் செத்தார்கள். பேரரசர் அடுத்து ஒரு எம்டன் கட்டச் சொல்லி, அதன் முகப்பில் பெரிய இரும்புச் சிலுவையைப் பதிக்க உத்தரவிட்டார். 1920களில் கட்டிய மூன்றாவது எம்டனும் அந்தச் சிலுவையைத் தாங்கியது, கூடவே போர்ப் பெருமைக்குரிய இடங்களின் பெயர்களையும். அதில் ஒன்று பினாங்கு. நம் ஊர்ப் பெயர் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலில் பதக்கத்தோடு பயணம் செய்திருக்கிறது. தப்பிப் பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளவும் போருக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. முல்லர் மால்டாவிலும் இங்கிலாந்திலும் கைதியாக இருந்தார். 1917இல் சுரங்கம் தோண்டி இருபது பேரோடு தப்பித்து மீண்டும் பிடிபட்டார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பூர் லெ மெரித் 1918இல்தான் அவருக்கு வந்தது. ஊர் திரும்பியதும் புத்தகம் எழுதச் சொல்லிக் கேட்டவர்களிடம், செத்துப்போன தோழர்களின் ரத்தத்தைக் காசாக்குவதுபோல இருக்கும் என்று மறுத்துவிட்டார். 1923இல் ஐம்பது வயதுகூட நிரம்பாமல் இறந்தார். பதக்கம் வாங்கிய கையே அப்படிச் சொன்னது, தங்கள் கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டிய செய்தி இது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. இந்திய விடுதலைக்குப் பாடுபட்ட செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்துகொண்டு மதராஸைக் குறி வைத்தார் என்ற பேச்சு நம்மிடையே வெகு காலமாக உலவுகிறது. நானும் ஒரு காலத்தில் நம்பி, மேடையிலேயே பேசியிருக்கிறேன். அதற்குச் சான்று கிடையாது. அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். அங்கிருந்தபடி அவர் விடுதலைக்குச் செய்த வேலையே அவருக்குப் போதுமான புகழ்.

ஆசிரியர் அவர்களே, எனக்கு வேண்டியது இரண்டு. படத்தை மாற்றி, 1914 சிலுவையையும் 1939 சிலுவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று எழுதி வெளியிடுங்கள். என் பேரனைப்போல எத்தனை பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறார்களோ! அப்புறம், ஜார்ஜ்டவுன் வெஸ்டர்ன் ரோட்டு இடுகாட்டில் ஜெம்சுக் மாலுமிகளுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து அதிக தூரமில்லை. ரஷ்யத் தூதரகத்தார் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். நம்மவர்கள் யாரும் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. எம்டன் என்ற சொல்லை தினமும் வாயில் வைத்திருக்கும் நாம், அது கொன்றவர்கள் பத்து நிமிஷத் தொலைவில் படுத்திருப்பதை அறியாமலேயே இருக்கிறோம். பினாங்குத் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர்கள் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வழி காட்டவும், எனக்குத் தெரிந்ததைச் சொல்லவும் நான் தயார்.

வருகிற அக்டோபர் 28 காலை எட்டு மணிக்கு நானும் பேரனும் அந்த இடுகாட்டு வாசலில் இருப்போம். அவன்தான் பூ வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். தாத்தா தோளில் தூக்கிய ஆள் பிழைத்தானா, இல்லை அங்கேதான் கிடக்கிறானா என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற துறைமுகக் கிராணி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு