லிஸ்பனில் கப்பல் நிற்கும் நாளில்

ஆசிரியருக்கு வணக்கம்.

சொகுசுக் கப்பலில் லிஸ்பன் போய் இறங்கும் நம்மவர்கள், பழைய நகரின் மேடுகளில் ஏறிச் செல்லும் 28ஆம் எண் டிராமுக்காக வரிசையில் நின்றே பாதி நாளைத் தொலைக்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது. கப்பல் முனையத்துக்குப் பக்கத்திலேயே சாந்தா அப்போலோனியா மெட்ரோ நிலையம் இருக்கிறது. நீலத் தடத்தில் ஏறி பைஷா-ஷியாதுவில் இறங்கினால், அங்குள்ள நீளமான நகரும் படிக்கட்டுகளே ஷியாது மேட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். குன்றின் மேலுள்ள சாவோ ஜோர்ஜ் கோட்டைக்குப் போகும் ஏற்றத்துக்கும் ஃபன்கெய்ருஷ் தெருவிலிருந்து இலவச லிஃப்ட் உண்டு. அப்புறம், அல்ஃபாமா என்ற பழைய குடியிருப்புப் பகுதியின் சந்துகளை மேலிருந்து இறங்கியபடி பாருங்கள், வயதானவர்களை அந்தப் படிகளில் ஏறவைக்காதீர்கள். கல் பாவிய நடைபாதை மழையில் ரொம்ப வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு கட்டாயம்.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் கோட்டைப் படத்தோடு இந்த வழிகளையும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை