வாகனம் செலுத்தும்போது கைத்தொலைபேசி: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

கொழும்பு

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிடும் நேரத்திலும் ஏற்றிச் செல்லும் நேரத்திலும் வாகனம் செலுத்துபவர்கள் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவது பற்றி உங்கள் அனைவருக்கும் இக்கடிதத்தை எழுதுகிறேன். இத்தவணை முதல் பாடசாலையின் சில நடைமுறைகளை மாற்றவுள்ளோம். வெறும் அறிவித்தலாக அனுப்பிவிடாமல், மாற்றத்துக்கான காரணத்தை உங்களோடு பேசித் தெளிவுபடுத்துவதே முறை என்று கருதுகிறேன். ஆகவே கடிதம் சற்று நீண்டிருந்தாலும் முழுவதையும் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காலை ஆறே முக்கால் தொடக்கம் ஏழரை மணி வரை எமது வாயிலுக்கு முன்னால் வீதி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காலி வீதியிலிருந்து திரும்பும் கார்கள், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பாடசாலை வான்கள், இடுக்குகளில் நுழைந்து வரும் முச்சக்கர வண்டிகள், முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பிள்ளையுமாக வரும் மோட்டார் சைக்கிள்கள், இவற்றுக்கு நடுவே புத்தகப் பையைச் சுமந்துகொண்டு வீதியைக் கடக்கும் தரம் ஒன்று, தரம் இரண்டு மாணவர்கள். வாயிலில் கடமையில் நிற்கும் ஆசிரியர்களும் மாணவத் தலைவர்களும் அநேகமாக நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள் செலுத்தும் தந்தை தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையில் கைத்தொலைபேசியைச் செருகிக்கொண்டு பேசியபடியே வருவார். தொலைபேசி நழுவாமல் இருப்பதற்காகத் தலையை ஒரு பக்கம் சாய்த்திருப்பதால் மறுபக்கத்திலிருந்து வரும் வாகனத்தை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னால் இருக்கும் பிள்ளையின் தலையில் கவசமும் இருப்பதில்லை. எந்தத் தந்தையையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் பலர் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்கள், பிள்ளைகளுக்காகவே ஓடுகிறவர்கள். ஆனாலும் அந்தப் பிள்ளையின் உயிர் அந்த நேரத்தில் தந்தையின் கண்ணையும் காதையும் மட்டுமே நம்பியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். எமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். வீதிகளும் வாகனங்களும் பழக்கங்களும் மாற மாற அச்சட்டமும் பலமுறை திருத்தப்பட்டு வந்திருக்கிறது. கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்திக்கொண்டு வாகனம் செலுத்துவது இன்று இலங்கையில் தண்டனைக்குரிய குற்றம். பொலிஸார் வீதியிலேயே தண்டப்பணப் பத்திரம் எழுதலாம். அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்துவிட்டுத் தபாலகத்தில் பணம் கட்டி, மீண்டும் பொலிஸ் நிலையத்துக்குப் போய் அதைப் பெற்றுக்கொள்ளும் அலைச்சலை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். 2024 ஜனவரி முதல் கொழும்பு நகரில் கண்காணிப்புக் கமெராக்கள் மூலமும் போக்குவரத்துக் குற்றங்கள் கண்டறியப்படுகின்றன. எனவே சந்தியில் பொலிஸார் நிற்கவில்லை என்பதால் எவரும் பார்க்கவில்லை என்று எண்ணுவதும் இனிச் சரியன்று.

எமது பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு லண்டனிலோ ரொறன்ரோவிலோ மாமா, சித்தி என்று யாராவது இருப்பார்கள். அந்நாடுகளில் இக்குற்றத்தை எவ்வளவு கடுமையாக நோக்குகிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிரித்தானியாவில் 2003 டிசம்பரிலேயே கையில் பிடித்துப் பேசுவது தடைசெய்யப்பட்டது. 2022 மார்ச் முதல் படம் எடுப்பது, பாடல் தேடுவது, திரையை நகர்த்திப் பார்ப்பது ஆகியவையும் அதே குற்றத்துக்குள் வந்துவிட்டன. தண்டம் 200 பவுண்கள், அத்துடன் அனுமதிப்பத்திரத்தில் 6 புள்ளிகள். அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவருக்கு அந்த 6 புள்ளிகளோடு அனுமதிப்பத்திரமே பறிபோய்விடும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது தொலைபேசியைக் கையில் எடுத்தாலும் அங்கே அது குற்றம்தான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2009 ஒக்டோபரில் தடை வந்தது. 2019ஆம் ஆண்டிலிருந்து முதன்முறை குற்றவாளியாகக் காணப்படுபவருக்கே 1000 டொலர் வரை தண்டமும் மூன்று நாட்களுக்கு அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் விதிக்கப்படுகின்றன. அங்கே இவ்வளவு கட்டுப்பாட்டோடு வாகனம் செலுத்துகிற எமது உறவினர், ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்புக்கு வந்து வாடகைக் காரில் ஏறியதும் ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை நாம் பார்க்கிறோம். நாடு மாறியதும் மனிதரின் மூளை வேறுவிதமாக வேலை செய்வதில்லை. அங்கே பிள்ளையின் மேல் மோதும் வாகனம் இங்கேயும் மோதும்.

"நான் கையில் பிடிப்பதில்லை, புளூடூத்தில்தான் பேசுகிறேன்" என்று சொல்லும் பெற்றோர் பலர். அவர்கள் சட்டத்தை மதிக்க விரும்புகிறவர்கள் என்பதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் இந்த ஓரிடத்தில் உங்களோடு சற்று அழுத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. 1997இல் ரெடல்மையர், ரிப்ஷிரானி என்னும் இரு ஆய்வாளர்கள், ரொறன்ரோவில் விபத்தில் சிக்கிய, கைத்தொலைபேசி வைத்திருந்த 699 சாரதிகளின் அழைப்புப் பதிவுகளை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொலைபேசியில் பேசும் வேளையில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று கண்டார்கள். கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கூடுதலாகக் கிடைத்ததாகத் தெரியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் விபத்தில் காயமடைந்து வைத்தியசாலைக்கு வந்த 456 சாரதிகளிடம் செய்யப்பட்ட ஆய்வும் அதே நான்கு மடங்கையே காட்டியது. அங்கும் கையில் பிடித்துப் பேசியவருக்கும் பிடிக்காமல் பேசியவருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இவ்விரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே கூறுகிறது.

ஏன் அப்படி? கை எங்கே இருக்கிறது என்பதைவிட மனம் எங்கே இருக்கிறது என்பதே இங்கு முக்கியம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகளில், தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் சாரதி கண் முன்னால் இருப்பதைப் பார்த்தும் அதைக் கவனத்தில் கொள்ளாமல் விடுகிறார் என்பது தெரியவந்தது. பார்வை வீதியில் இருக்கும், மஞ்சள் கோட்டுக் கடவையில் கால் வைத்த பிள்ளையின் மீதும் படும், ஆனால் பிரேக்கை அழுத்த வேண்டிய எண்ணம் தாமதித்தே பிறக்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசினாலும் இப்படித்தானே என்று கேட்கலாம். பக்கத்தில் இருக்கும் மனைவியோ நண்பரோ வீதியைப் பார்க்கிறார், ஒரு பஸ் குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துகிறார், "பார்த்து, பார்த்து" என்கிறார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு அந்தப் பஸ் தெரியாது. அவர் பேசிக்கொண்டே போவார், பதிலையும் எதிர்பார்ப்பார்.

செய்தி வாசிப்பதோ பேசுவதைவிடவும் ஆபத்தானது. கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் கார் ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட ஆகக்கூடிய வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு விநாடியில் கார் ஏறத்தாழ 14 மீற்றர் தூரம் ஓடிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைத் திறந்து வாசிக்க ஐந்து விநாடிகள் என்று வைத்துக்கொண்டால், 70 மீற்றர் தூரத்தைச் சாரதி பார்க்காமலே கடந்துவிடுகிறார். மரைன் டிரைவில் காலை வேளையில் சற்று வெறுமையாக இருக்கும் ஒரு துண்டில் 70 மீற்றரை நடந்து பாருங்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்தும் ஒழுங்கைகளிலிருந்தும் எத்தனை பேர் அதற்குள் வீதிக்கு வருகிறார்கள் என்பது புரியும். முச்சக்கர வண்டிக்குரிய மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சென்றாலும் அது 55 மீற்றராவது வரும். உலகம் முழுவதும் 5 வயதுக்கும் 29 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் மரணத்துக்கு முதற்காரணமாக இருப்பது வீதி விபத்தே. எமது சிறிய நாட்டிலும் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்டோர் வீதியில் உயிரிழக்கிறார்கள். பாடசாலை ஒன்றின் பொறுப்பில் இருக்கும் ஒருவருக்கு இந்த எண்கள் ஒவ்வொரு நாளும் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் வயதினரைப் பற்றியவை.

இனி, இக்கடிதத்தின் மையமான வேண்டுகோளுக்கு வருகிறேன். சட்டம் சாரதியைத்தான் தண்டிக்கிறது. ஆனால் ஒவ்வோர் அழைப்புக்கும் இரண்டு முனைகள் உண்டு. பாடசாலை வான் செலுத்துபவரின் முன்பலகையில் பொருத்தியிருக்கும் தொலைபேசியைச் சில நிமிடங்கள் பார்த்தால் இது விளங்கும். வெள்ளவத்தையில் முதல் பிள்ளையை ஏற்றும்போது பம்பலப்பிட்டியில் காத்திருக்கும் தாய் அழைக்கிறார், "அண்ணா, எங்க நிக்கிறீங்க?" என்று. அதை முடிப்பதற்குள் தெஹிவளையிலிருந்து இன்னொருவர் தன் மகளுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வரமாட்டாள் என்று குரல் பதிவு அனுப்புகிறார். மூன்றாமவர் மேலதிக வகுப்பு முடியும் நேரத்தைக் கேட்டு எழுதுகிறார். அந்தத் திரை அணைவதே இல்லை. எடுக்காவிட்டால் மாலையில் "அழைத்தால் எடுப்பதில்லை" என்ற முறைப்பாடு, எடுத்தால் பதினைந்து பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கும் நிலை. பிள்ளைகள் "வான் அங்கிள்" என்று அன்போடு அழைக்கும் இந்த மனிதர்கள் மாதக் கட்டணத்தை நம்பி வாழ்பவர்கள். ஒரு பெற்றோரையும் மனம் நோகச் செய்ய முடியாத இடத்தில் இருப்பவர்கள். ஆகவே இந்தப் பழக்கத்தை மாற்றும் பொறுப்பை அவர்கள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. வாகனம் ஓடும் நேரத்தில் அழைக்காதிருப்பது எங்கள் எல்லோருக்கும் உரிய கடமை.

இதை முன்னிட்டு, காலை 6.30 முதல் 7.45 வரையும் பிற்பகல் 1.15 முதல் 2.30 வரையும் பாடசாலை அலுவலகமோ வகுப்பாசிரியர்களோ பெற்றோருக்கு அழைப்பு எடுக்கவும் வகுப்புக் குழுக்களில் செய்தி இடவும் மாட்டார்கள். வீட்டுவேலை, கட்டணம், கூட்டம் பற்றிய அறிவித்தல்கள் எல்லாம் மாலை 5 மணிக்குப் பின்னரே வரும். பிள்ளைக்குச் சுகவீனம் போன்ற அவசர நிலையில் மட்டும் அலுவலகம் அழைக்கும். அப்போது நீங்கள் வாகனம் செலுத்திக்கொண்டிருந்தால் எடுக்க வேண்டாம். பாதுகாப்பான ஓர் இடத்தில் ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டுத் திரும்ப அழையுங்கள். அதுவரை பிள்ளையோடு ஓர் ஆசிரியர் இருப்பார். நீங்கள் எடுக்காதவிடத்து, அந்த நேரத்தில் வாகனம் செலுத்தாத இன்னொருவரை, பாட்டியையோ வீட்டில் இருக்கும் வேறு பெரியவரையோ, நாம் அழைப்போம். அதற்காகவே இரண்டாவது தொடர்பு இலக்கம் ஒன்றைக் கேட்கிறோம்.

வான் சாரதிக்குச் சொல்ல வேண்டியதை முதல்நாள் இரவே செய்தியாக அனுப்பிவிடுங்கள். காலையில் திடீரென்று பிள்ளை வரமுடியாமற் போனால், வானில் உதவியாளர் இருப்பின் அவருடைய இலக்கத்துக்கு அழையுங்கள். உதவியாளர் இல்லையென்றால் செய்தி ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு, பதிலை எதிர்பார்க்காதீர்கள். அடுத்த வீட்டு வாசலில் வான் நிற்கும்போது அவர் அதைப் பார்ப்பார். வான் ஐந்து நிமிடம் பிந்துவதால் கவலை ஏற்படுவது இயல்புதான். ஹவ்லொக் வீதியிலோ காலி வீதியிலோ மழை நாளில் ஏற்படும் நெரிசல் எவருடைய தொலைபேசி அழைப்பினாலும் கலைவதில்லை என்பதையும் நாம் அறிவோம். சொந்த வாகனத்தில் வருபவர்கள் புறப்படும் முன்பே தொலைபேசியைப் பையில் வைத்துப் பின் இருக்கையில் போட்டுவிடலாம். வாகனம் செலுத்தும்போது அழைப்புகளையும் செய்திகளையும் தாமாகவே நிறுத்திவைக்கும் வசதி இப்போது அநேகமான கைத்தொலைபேசிகளில் இருக்கிறது. எப்படி அதைப் போடுவது என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், ஒரு நிமிடத்தில் செய்து தருவார். வழிகாட்டும் வரைபடம் தேவையென்றால் புறப்படும் முன் இடத்தைக் குறித்துவிட்டுக் குரலைக் கேட்டுச் செல்லுங்கள்.

உயர்தர மாணவர்களின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ 18 வயது நிரம்பியதும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிப்பார். எழுத்துப் பரீட்சைக்கு வீதிக் குறியீடுகளைப் படித்துத் தேறிவிடுவார். ஆனால் வாகனம் செலுத்தும் விதத்தை அவர் பின் இருக்கையில் இருந்துகொண்டு பத்து, பன்னிரண்டு ஆண்டுகளாக உங்களிடமே பார்த்துப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போதாவது, பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது தொலைபேசி ஒலித்தால் அதை எடுக்காமல் விட்டுக் காட்டுங்கள். அவசரமாக இருக்கலாம் என்று தோன்றினால், பிள்ளையிடம் கொடுத்து, "அப்பா வாகனம் ஓட்டுகிறார், பிறகு எடுப்பார்" என்று சொல்லச் சொல்லுங்கள். பிற்காலத்தில் அவர் சொல்லப்போவதும் அதுவாகவே இருக்கும்.

இத்தவணையின் இரண்டாவது வாரத்தில் பாடசாலை வான் சாரதிகள் அனைவரையும் அழைத்துப் பேசவுள்ளோம். பெற்றோர் அபிவிருத்திச் சங்கத்தின் பிரதிநிதிகளும் அதில் கலந்துகொண்டு, சாரதிகளின் சிரமங்களை நேரில் கேட்பார்கள். அழைப்பை எடுக்காத காரணத்துக்காக எந்தச் சாரதியின் மீதும் முறைப்பாட்டை ஏற்பதில்லை என்று பாடசாலை முடிவு செய்துள்ளதை அப்போது அவர்களிடம் தெரிவிப்பேன். தொலைபேசியில் பேசிக்கொண்டு வானைச் செலுத்துவதை நீங்கள் கண்டால், முதலில் அச்சாரதியோடு பண்பாகப் பேசுங்கள். மீண்டும் அப்படி நடந்தால் எனக்கு எழுத்தில் தாருங்கள். அதை நான் கட்டாயம் கவனிப்பேன். விபத்தோ வேறு ஆபத்தோ கண்டால் 119இல் பொலிஸாரையும் 1990இல் அம்புலன்ஸ் சேவையையும் அழைக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இக்கடிதத்துடன் இணைக்கப்பட்டிருக்கும் படிவத்தில் இரண்டாவது தொடர்பு இலக்கத்தையும், பிள்ளை எந்த வாகனத்தில் வந்து போகிறார் என்பதையும் நிரப்பி, கையொப்பமிட்டு, எதிர்வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் பிள்ளைகளின் நலனை நாடும்,
அதிபர்