நானக் எதையும் கலக்கவில்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் குருநானக் ஜயந்திக் கட்டுரையை ஆசையாகப் பிரித்தேன். மூன்றாவது பத்தியிலேயே மனசு விட்டுப்போயிற்று. 'இந்து மதத்திலும் இஸ்லாமிலும் இருந்த நல்லதை எடுத்துக் கலந்து நானக் ஒரு மதத்தை உண்டாக்கினார்' என்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

என் கணவரின் வேலை காரணமாகப் பஞ்சாபில் கபூர்தலாவில் 11 வருடம் குடியிருந்தோம். பக்கத்தில்தான் சுல்தான்பூர் லோதி. நானக் இளவயதில் அப்போதைய ஆளுநர் தௌலத் கான் லோதியின் தானியக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஊர். அங்கே ஆற்றில் குளிக்க இறங்கியவர் மூன்று நாள் கழித்து வெளியே வந்து, "இந்துவும் இல்லை, முசல்மானும் இல்லை" என்று சொன்னதாக அந்தப் பக்கத்துக் குழந்தைகூடச் சொல்லும். கலக்க நினைத்தவர் பேசும் பேச்சா இது? பூணூலுக்குக் கருணையே பஞ்சாகட்டும், திருப்தியே நூலாகட்டும் என்று பாடினார். கருணையே மசூதி, நம்பிக்கையே தொழுகை விரிப்பு என்றும் பாடினார். இரண்டு பேரிடமும் போய், வெளியே இருப்பதை விட்டு உள்ளே பார் என்றவர் அவர்.

சீக்கியர் கோயிலான குருத்வாராவில் நடக்கும் பொதுச் சமையல், பொதுப் பந்தியான லங்கரை 'இலவச அன்னதானம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அன்னதானத்தில் கொடுப்பவர் வேறு, வாங்குபவர் வேறு. லங்கரில் சாப்பிட்டு எழுந்தவர்தான் அடுத்து வெங்காயம் உரிக்கிறார். சுல்தான்பூர் பேர் சாஹிப் குருத்வாராவில் நான் முதன்முதலாகத் தரையில் உட்கார்ந்தபோது, ஒரு பக்கம் என் கணவரின் மேலதிகாரி, மறுபக்கம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண். எல்லோரும் இரண்டு கையையும் ஏந்தி ரொட்டி வாங்கினோம். கல்யாணப் பந்தியில் யார் எங்கே உட்காரலாம் என்று பிரித்து வைத்த கிராமத்தில் பிறந்தவள் நான். அன்று எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

அப்புறம், 'துறவி நானக்' என்று வேறு எழுதுகிறீர்கள். சுலக்னி அம்மையாரின் கணவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தோழர் மர்தானா மீட்டிய ரபாப் என்ற நரம்பு வாத்தியத்தோடு ஊர் ஊராக நடந்து முடித்தபின் ராவிக் கரையில் கர்தார்பூரில் குடும்பத்தோடு தங்கி, ஏர் பிடித்து உழுதவர். 1539இல் மறையுமுன் தம் இடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், சீடர் லெஹணாவுக்குக் கொடுத்தார். 'அரசர்களைப் பெறுகிறவளை எப்படி இழிவாகச் சொல்வது' என்று 500 வருடத்துக்கு முன்பே அவர் பாடியதற்கு உங்கள் கட்டுரையில் இடமில்லை.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடம் முன்பு வில்லும் கையில் பருந்துமாக இருந்த குரு கோவிந்த் சிங் படத்தைப் போட்டு, கீழே 'குருநானக்' என்று அச்சடித்தீர்கள். கால்சா என்ற சீக்கியர் அமைப்பை உண்டாக்கிய பத்தாவது குரு அவர். அது நடந்தது 1699இல், நானக் மறைந்து 160 வருடம் கழித்து. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. சிரிப்புப் பக்கத்தில் இன்னமும் சர்தார்ஜி வந்தால் முட்டாளாகத்தான் வருகிறார். 1984இல் சீக்கியருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு அந்த மக்கள் பட்டதை அவர்கள் வாயாலேயே கேட்டவள் நான். என்னால் அந்தப் பக்கத்தைப் படிக்க முடிவதில்லை.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள், பழைய படத்துக்கும் சேர்த்து. கபூர்தலாவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த, பீஜி என்று நாங்கள் அழைத்த அம்மாவிடம், குருநானக் பற்றித் தமிழில் வந்திருக்கிறது என்று படிக்கும் முன்பே போனில் சொல்லிவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
30 வருட வாசகி,
திருச்சி