ஆறு குழந்தைகளை வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள்

குழந்தைகள் பராமரிப்புக்கு விதி வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருப்பூரில் பல வருடம் ப்ளே ஸ்கூல் டீச்சராக இருந்தவள் நான். ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தைகள் ஆறு பேரைப் பகலில் என் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நினைக்கிறேன். அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று போனால், ப்ளே ஸ்கூலுக்கான 2015 விதிகளை நீட்டுகிறார்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. பள்ளிக்கூடம் இல்லைங்க என்றால் அங்கன்வாடி அலுவலகத்தில் கேளுங்கள் என்கிறார்கள், அங்கே போனால் தனியார் என்றால் எங்களிடம் வராது என்கிறார்கள்.

நான் இருப்பது வாடகை வீடு. கமர்ஷியல் கரன்ட் பில் வரும், சொத்து வரி ஏறும் என்று வீட்டுக்காரருக்குப் பயம். பத்திர நகல் கேட்டதற்கே "வேற வீடு பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

எதிர் லைன் வீட்டில் ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி இருக்கிறாள். ஒன்றரை ஷிப்ட் முடித்து அவள் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அதுவரை அவளுடைய பதினோரு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பது நாலாம் வகுப்பு படிக்க வேண்டிய அக்கா. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய் நாளாகிறது.

50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், சரி, பத்து மெஷின் ஓடும் பவர் டேபிள் யூனிட்டில், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறையில், தைக்கிறவள் எங்கே போவாள்? பெண்கள் வேலைக்குப் போவதை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம், அவர்கள் குழந்தை பகல் முழுக்க யாரிடம் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அனுமதியே கேட்காமல் வீட்டில் இருபது குழந்தைகளை அடைத்து வைப்பவர்களையும் யாரும் கேட்பதில்லை. முறைப்படி கேட்டு வருகிறவளைத்தான் அலைய விடுகிறீர்கள்.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறேன். விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலத்தில் எந்த டீச்சரும் அப்படிக் கேட்க மாட்டாள். வீட்டில் சில குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்பவர்களுக்கென்று தனியாக ஒரு பதிவு முறை கொண்டுவாருங்கள். எத்தனை குழந்தை என்று வரம்பை நீங்களே வையுங்கள். சொல்லாமல் வந்து சிலிண்டர் எங்கே இருக்கிறது, மாடிப்படியில் தடுப்பு இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள், போலீஸ் சரிபார்ப்பும் செய்யுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் பதியும்படி, வீட்டு மின் கட்டணமே தொடரும்படி அந்த விதி இருக்க வேண்டும்.

அதுவரை எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது என்றாவது தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் டீச்சர் ஒருத்தி